நீளமான பொருத்தம்

இரவு இரண்டேகாலுக்குக் கினிகத்தேனைக்கு மேல்
மண் இறங்கியது.
அட்டனில் என் திரையில்
ஒரு பச்சைக் கோடு சிவந்தது, அவ்வளவுதான்.
மழைச் சத்தம்கூடக்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

ரவுட்டர் பதறாது.
பத்து விநாடிக்கொரு தரம் பக்கத்து ரவுட்டரை
இருக்கிறாயா என்று கேட்கும்.
நாற்பது விநாடி பதில் இல்லையென்றால்
செத்துப்போனதாக எழுதிக்கொள்ளும்.
அழுகை, கருமாதி ஒன்றும் கிடையாது.
மிச்சமிருக்கும் அயலாரிடம் சொல்லும்,
அவர்கள் தம் அயலாரிடம்.
பிறகு ஒவ்வொன்றும் தனித்தனியே
பழைய கணக்கைக் கிழித்துவிட்டுக் கூட்டத் தொடங்கும்:

தலவாக்கலைக்குப் பத்து.
நானுஓயாவுக்கு இருபது.
நுவரெலியா தாண்டிக் கண்டிக்கு நாற்பது.
கூட்டுவது தூரத்தை அல்ல, செலவை.
சுற்றினாலும் அகலமான பாதை மலிவு,
நேரே போகும் ஒற்றையடிப் பாதைக்கு விலை கூட.
எங்கள் கொழுந்து லொறி ராயப்பனுக்கு
இதை யாரும் படிப்பிக்கவில்லை.

கொழும்பிலிருந்து தினூஷ அழைத்தான்.
"மாறியதா?"
"மாறியது."
தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

ஆனால் செலவைப் பார்ப்பதற்கு முன்
ரவுட்டர் வேறொன்றைப் பார்க்கும்:
எந்த வழிக்கு
இந்த முகவரி அதிக இலக்கம்வரை தெரியும்?
மலைநாட்டுக்கு என்று ஒரு வரி,
அட்டனுக்கு என்று ஒரு வரி,
இந்த வீட்டுக்கு என்று ஒரு வரி இருந்தால்
வீட்டைத்தான் எடுக்கும்.
நீளமான பொருத்தம் என்பார்கள்.
தரகர் எனக்குப் பார்த்த பத்தில் இது இல்லை.

ஸ்ட்ராத்மூர் தோட்டம், கீழ்க்கணக்கு, டிக்கோயா.
எங்கள் முகவரி அத்தோடு முடிந்துவிடும்.
லயத்துக்கு எண் உண்டு, சுண்ணாம்பில்,
மழைக்கு மழை அழியும்.
காம்பராவுக்கு அதுவும் இல்லை.
நூற்றுப்பதினாறு குடும்பத்துக் கடிதமும்
தோட்ட ஆபிசில் ஒரே மரப்பெட்டிக்குள்.
வேறு வழி தெரியாத எல்லாவற்றையும்
ஒரே வாசலுக்குத் தள்ளும் வரியை
ரவுட்டரில் பூச்சியம் பூச்சியம் பூச்சியம் பூச்சியம் என்று எழுதுவோம்.
எங்கள் பூச்சியத்துக்குத் தகரக் கூரையும் பூட்டும் இருந்தது.

பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு ஏழாம் திகதி.
கடிதம் வெளியே வந்தது பதினோராம் திகதி,
காலைப் பெரட்டில், என் பெயரைக் கூப்பிட்டு.
கிளார்க்கையா லீவில் போயிருந்தாராம்.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
பொதி சேராவிட்டால்
அனுப்பியவருக்கு ஒரு சிறு செய்தி திரும்பும்: சேரவில்லை.
கொழும்பில் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள்
நான் வரவில்லை என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

மறு வருடம் முகவரியை மாற்றினேன்:
மேல்பார்த்து, பார்த்திபன் ஸ்டூடியோ,
மல்லியப்பூ சந்தி, அட்டன்.
சுற்றுவழி.
செலவு மாதம் ஐம்பது ரூபாய்,
பாஸ்போர்ட் சைஸ் படம் வேறு எடுக்க வேண்டும்.

நாலு மணிக்கு ரியாத்திலிருந்து ஒரு குரல் வருகிறது.
என்ன சொல்கிறதென்று எனக்குத் தெரியாது,
உறையை மட்டும்தான் பார்ப்போம்:
எங்கிருந்து, எங்கே, இன்னும் எத்தனை தாவல் உயிர்.
ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும்.
கண்டி. நுவரெலியா. நானுஓயா. தலவாக்கலை.
டிக்கோயா மலைக் கோபுரம்.
பிறகு எண்ணில்லாத ஒரு காம்பராவில்
தலையணைக்கடியில் போன் அதிர்கிறது,
கடைசி இலக்கம்வரை பொருந்தி.

தபால் வண்டி இன்று வராது, பாதை மூடல் என்கிறது ரேடியோ.

சனிக்கிழமை எனக்கு லீவு.
கறுப்புப் பெயின்ட் ஒரு டின் வாங்கி வைத்திருக்கிறேன்.
நாலாம் லயம், ஏழாம் கதவு
என்று எழுதிவிட்டால் தபால்காரர் ஏறி வந்துவிடுவாரா,
தெரியாது.
ரவுட்டரும் முதலில்
நான் இங்கே இருக்கிறேன் என்றுதான் சொல்லத் தொடங்கும்,
கேட்கிறார்களா என்பது பிறகு.

தொரை ஏசுவார் என்கிறாள் அக்கா.
ஏசட்டும்.
ஏசுவதற்கும்
ஏழாம் கதவைத் தேடித்தானே வர வேண்டும்.